சமையல்கட்டில் இல்லாத ஒயர்

"குத்தவாளி யாருன்னு கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடல மேடம். அது எங்களுக்கே தெரியும். நீங்க பாத்துட்டு, ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

இப்படி ஒரு கேஸ் எங்க ஆபீசுக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. சொன்னவர் மாணிக்கவாசகம். தி.நகர்ல நகைக்கடை, கோபாலபுரத்துல பங்களா, நெத்தியில விபூதி, பேச்சுல திருநெல்வேலி. துப்பறியறவங்களை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வாடகைக்கு எடுக்கலாம்னு அவருக்கு யாரு சொன்னாங்களோ தெரியல.

நான் பிரபு. 'தேவானை துப்பறியும் நிலைய'த்தோட ஒரே அசிஸ்டென்ட். ஸ்கூட்டர் ஓட்டறது, போட்டோ எடுக்கறது, வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கறது எல்லாம் என் இலாகா. தேவானை அக்கா பல வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல புகார் வாங்கின ஆளு. 'லைன் டெட்'டுன்னு கத்தறவங்கள்ல பாதிப்பேரு ரிசீவரை ஒழுங்கா வைக்காதவங்கன்னு அங்கயே தெரிஞ்சுக்கிட்டாங்க. அதிகம் பேச மாட்டாங்க. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கறேன்.

அவரோட பங்களா போர்ட்டிகோவுல கார் பக்கத்துல ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க. மழைச் சாரல் பாதிப் புடவையை நனைச்சிருந்துச்சு. உள்ள வரக்கூடாதாம். விசாரணை முடியற வரைக்கும் வெளியயும் போகக்கூடாதாம்.

"அவதான் தாயம்மா. சமையலுக்கு இருக்கா. ஒன்பது வருசமா சோறு போட்டோம்" என்றார் மாணிக்கவாசகம்.

"சமையலுக்குன்னா, சோறு போட்டது அவங்க இல்லியா சார்?"

அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. நான் வாயை மூடினேன்.

விஷயம் இதுதான். மருமகள் நீரஜா ரெண்டாவது மாடியில உக்காந்து சிங்கப்பூர்ப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல கணக்குச் சொல்லித் தர்றாங்க. தீபாவளிக்கு அப்புறம் தினம் மத்தியானம் கிளாஸ் நடுவுல நெட் போயிடுது. இன்னொரு தடவை போனா கிளாஸை வேற டீச்சருக்குக் குடுத்துடுவோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். நெட்டை நிறுத்தறது தாயம்மாதான்னு குடும்பமே உக்காந்து தீர்ப்பு எழுதியாச்சு. காலையில தெரு வாட்ஸ்அப் குரூப்புல அந்தம்மா போட்டோவைப் போட்டு, 'இவளை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்'னு மாணிக்கவாசகம் அறிக்கையும் விட்டாச்சு. அதே தெருவுல தாயம்மா வேலை செய்யற இன்னும் ரெண்டு வீட்டுல, இனிமே வராதேன்னுட்டாங்க. ஆக, ஒரே காலையில மூணு அடுப்பும் போச்சு.

"தண்டனையே குடுத்தாச்சு. அப்புறம் நாங்க எதுக்கு?" அக்கா கேட்டாங்க.

"கண்ணகி நகர் ஹவுசிங் போர்டுல இருக்கா மேடம். நாளைக்கே பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னுட்டான்னா? கையில ஒரு அத்தாட்சி வேணும்லா."

ஹால்ல மகன் ஹரி காத்துட்டிருந்தான். படிக்காத காலேஜ் பேரு போட்ட பனியன். வீட்டு நெட்வொர்க் முழுக்க அவன் கைவண்ணமாம்.

"இது மெஷ் நெட்வொர்க் மேடம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்."

"சொல்லுங்க தம்பி" என்றாங்க அக்கா, அப்பாவி மாதிரி.

"ஒரே பெட்டி வெச்சா இவ்ளோ பெரிய வீட்டுக்கு எட்டாது. அதனால நாலு பெட்டி. ஒண்ணு இன்னொண்ணுக்கு நெட்டைக் கைமாத்திக் குடுக்கும். ஹால்ல மெயின். அப்புறம் கிச்சன், முதல் மாடியில அப்பா ரூம், அதுக்கு மேல நீரஜா ரூம். ஆப்ல பேரு போட்டு வெச்சிருக்கேன். இதோ பாருங்க."

போனை நீட்டினான். தினம் மத்தியானம், 'கிச்சன் ஆஃப்லைன்' 'கிச்சன் ஆஃப்லைன்'னு வரிசையா நின்னுச்சு.

"கிச்சன்ல யாரு இருக்கா? தாயம்மா. முடிஞ்சு போச்சு. ஆப் பொய் சொல்லாது மேடம்."

"கிச்சன் பெட்டி போனா ரெண்டாவது மாடியில ஏன் நெட் போகணும்?"

"அது... மெஷ் இல்லியா. எவ்ரிதிங் இஸ் கனெக்டட்."

பதில் தெரியாதப்போ இங்கிலீஷ்ல முடிச்சுடறது இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கைவந்த கலை.

"பிரபு, கிச்சனுக்குப் போய் அந்தப் பெட்டியில என்னென்ன ஒயர் சொருகியிருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா."

போனேன். பெருங்காய டப்பா வரிசைக்கும் மேல, உச்சி அலமாரியில வெள்ளையா உக்காந்திருந்துச்சு. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பெட்டியோட நெத்தியில காய்ஞ்சுபோன சந்தனம், குங்குமம். பின்னாடி ஒரே ஒரு ஒயர்.

"கரண்ட் ஒயர் மட்டும்தான் அக்கா. நெட்டு ஒயரெல்லாம் கிடையாது. பொட்டு வெச்சிருக்கு, அம்சமா இருக்கு."

"ஹால் பெட்டியிலேர்ந்து ஒரு ஒயர் போகுதே, அது?"

"மாடிக்கு. அப்பா ரூம் பெட்டிக்கு மட்டும்தான் ஒயர்" என்றான் ஹரி. "மத்த ரெண்டும் ஒயர்லெஸ். அந்தக் கேபிள் என் கையால இழுத்தது. அதுல தப்பே வராது."

இப்படிச் சொன்னா எனக்குக் கை அரிக்கும். எலி கடிச்சிருக்கும், கண்டிப்பா எலிதான்னு மனசுக்குள்ள கேஸை முடிச்சுட்டு, ஒயரைத் தொட்டுக்கிட்டே கர்ட்டனுக்குப் பின்னாடி நுழைஞ்சு படிக்கட்டு ஓரமா முதல் மாடி வரைக்கும் போனேன். எலியும் இல்ல, பல்லும் படல. ஒயர் ஒரு மூடின கதவுக்கு அடியில உள்ள போயிடுச்சு. கைப்பிடியைத் தொட்டேன்.

"ஏய் தம்பி! அது நான் படுக்கற ரூமு. அங்க உனக்கு என்ன சோலி? திருட்டுத்தனம் நடக்கது கிச்சன்ல!" கீழேருந்து மாணிக்கவாசகம் குரல் வெடிச்சுது.

தலைமுடியில ஒட்டடையோட கீழ இறங்கினேன். அக்கா ஹால்ல இல்ல. போர்ட்டிகோவுல தாயம்மா பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க.

"அந்தப் பெட்டியில கை வெச்சியாம்மா?"

"எனக்கு இன்னாத்துக்கும்மா அது? மிக்சிக்கு இந்தாண்ட பிளக்கு கீது, கிரைண்டருக்கு அந்தாண்ட கீது. அது எங்கியோ உச்சில குந்திக்கினு கீது. ஸ்டூல் போட்டு ஏறுறதுக்கு என் முட்டி தாங்குமா?" என்னைப் பார்த்து, "நீ ஏறுனியே நைனா, நீயே சொல்லு" என்றாங்க.

"நேத்து நெட் போனப்போ நீ எங்க இருந்த?"

தாயம்மா நிமிர்ந்து ரெண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தாங்க. அப்புறம் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாங்க.

"காலைலயே சொல்லிட்டேன். எவனும் காதுல வாங்கல. திரும்பித் திரும்பிச் சொல்லி என் மானத்த நானே ஏலம் போடணுமா? சொல்ல வேண்டியவங்க வாயத் தொறந்து சொல்லட்டும்."

அக்கா அதுக்கு மேல கேக்கல. நேரா உள்ள வந்து ஹரிகிட்ட போனை வாங்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாங்க.

"பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குறி இருக்கே, என்ன தம்பி?"

"அதுவா? பெட்டிக்கு நெட் காத்துல வந்தா வளைவா ஒரு குறி. ஒயர்ல வந்தா நேர்க்கோடு."

"கிச்சனுக்கு நேர்க்கோடு போட்டிருக்கே."

"இருக்காதே..." ஹரி எட்டிப் பார்த்தான்.

"கிச்சன்ல ஒயரே இல்லைன்னு பிரபு சொல்றான். ஒயர்லெஸ்னு நீங்களே சொல்றீங்க. ஆப் பொய் சொல்லாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க." அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "பிரபு, போய் கிச்சன் பெட்டியைப் புடுங்கு."

இந்த வேலைன்னா எனக்கு அல்வா. ஓடினேன், ஏறினேன், பிளக்கை உருவினேன். திரும்பி வந்தா, மூணு தலையும் ஒரு போனைச் சுத்தி நிக்குது. கொஞ்ச நேரத்துல ஒரு பேரு சாம்பல் நிறமாச்சு.

'அப்பா ரூம் ஆஃப்லைன்.'

"இது எப்படி?" என்றான் ஹரி. "கிச்சன் பெட்டியைத்தானே புடுங்கினான்?"

"கிச்சன்ல இருக்கற பெட்டியை" என்றாங்க அக்கா. "நீங்க பேரு போட்டது பெட்டிக்கு. அது தான் எந்த ரூம்ல இருக்கோம்னு பாத்தா சொல்லும்? எங்க தூக்கி வெச்சாலும் அதே பேரோடதான் போகும். யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. ஒண்ணுக்கு மேல பெட்டிங்க ஒரே நேரத்துல ஒரே இடத்துக்கு வந்து போயிருக்கணும். நெத்தியில பொட்டு இருக்கே, எதுக்கு வெச்சது?"

மாணிக்கவாசகத்தோட சம்சாரம் புஷ்பம் அதுவரைக்கும் சாப்பாட்டு மேஜை ஓரமா நின்னுட்டிருந்தாங்க. இப்போதான் வாயைத் திறந்தாங்க.

"ஆயுத பூசைக்கு நான்தாம்மா வச்சேன். கார்ச் சாவி, தராசு, அருவாமணை, லேப்டாப்பு எல்லாத்தையும் பலகையில வச்சுக் கும்பிடுவோம்லா. இதுகளையும் கழட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன். ஹால் பெட்டியில மட்டும் கை வைக்காத, மேட்ச் ஓடுதுன்னு இவன் கத்தினான். அதனால மத்த மூணு மட்டும். மறுநாள் எடுத்து அதது இடத்துல வச்சேன். எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு. எது எங்க இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

ஹரி தலையில கை வெச்சுக்கிட்டான். வீட்டுல எல்லா ஆயுதத்துக்கும் பூஜை பண்ணி, சமையல்காரம்மா மேல வீசறதுக்கு ஒண்ணை நல்லாக் கூர் தீட்டி வெச்சிருக்காங்க.

"அப்போ 'கிச்சன்'ங்கற பேரோட தினம் மத்தியானம் சாகற பெட்டி எங்க இருக்கு? ஒயர் எங்க போகுதோ அங்க." அக்கா படியேற ஆரம்பிச்சாங்க.

"என் ரூமுக்கு எதுக்கு?" மாணிக்கவாசகம் முன்னாடி வந்து வழியை மறிச்சார்.

"அத்தாட்சி வேணும்னீங்களே. எடுத்துத் தர்றேன்."

கதவு திறந்தது. கட்டில். தலைமாட்டுல வெள்ளைப் பெட்டி, பின்னாடி ஹரி கையால இழுத்த கேபிள். சுவர்ல அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கால்மாட்டுல பளபளன்னு ரெண்டு பள்ளத்தோட ஒரு மெஷின். அதோட ஒயர் பிளக் பாயிண்டுக்குக் கீழ வரைக்கும் வந்து தயாரா சுருண்டு கிடந்துச்சு.

"இது என்ன சார், கால் பிடிச்சு விடற மெஷினா? புதுசா இருக்கே."

"தீபாவளிக்கு மக அனுப்பிச்சா" என்றாங்க பின்னாடி வந்த புஷ்பம்.

"மத்தியானம் சாப்பிட்டு வந்து இதுல காலை வெச்சுக்குவீங்க. அதுக்கு எதைப் புடுங்குவீங்க?" அக்கா கேட்டாங்க.

அக்கா குனிஞ்சு பெட்டியோட பிளக்கை உருவினாங்க.

ரெண்டாவது மாடியிலேர்ந்து ஒரு கத்தல் வந்துச்சு. "ஹரி! கிளாஸுக்கு முன்னாடியே திரும்பவும் போச்சு! அந்தத் தாயம்மாவைக் கிச்சன்லேர்ந்து வெளிய அனுப்பினீங்களா இல்லியா?"

சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். இந்தப் பெட்டிக்கு ஒயர்ல நெட் வருது, இது மேல் மாடிப் பெட்டிக்குக் காத்துல கைமாத்தி விடுது. இது செத்தா அதுவும் சாகும். எவ்ரிதிங் இஸ் கனெக்டட்.

"ஒரு ரெண்டு நிமிசம் காலை வைக்கது குத்தமா? என் வீடு, என் சுவிட்ச்சு!" என்றார் மாணிக்கவாசகம்.

"ரெண்டு நிமிசமா? அதுல காலை வச்சதும் குறட்டை விட்டுருவீக" என்றாங்க புஷ்பம்.

எல்லாரும் ஹாலுக்கு இறங்கினோம். நீரஜாவும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. விஷயத்தைக் கேட்டதும் சோபா ஓரத்துல உக்காந்தாங்க. மாணிக்கவாசகம் அதுக்குள்ள பழைய மிடுக்குக்கு வந்துட்டார். வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"தாயம்மா! சரி சரி, ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிப்போச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல. உள்ள போயி எல்லாருக்கும் காப்பி போடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மெஷினைத் தூக்கி அவர் தலையில கவுத்திருப்பேன். மனசுல வெச்சுக்கலையாம்! யாரு யாரை மன்னிக்கறது? தாயம்மா வாசப்படி வரைக்கும் வந்து, உள்ள கால் வைக்காம நின்னாங்க.

"விடுங்க மேடம். யாருக்குமே தெரியாம நடந்த தப்புதானே" என்றான் ஹரி.

"யாருக்குமேவா?" அக்கா நீரஜா பக்கம் திரும்பினாங்க. "நேத்து கிளாஸோட ரெக்கார்டிங்கைக் கொஞ்சம் போடுங்கம்மா."

"அது... அது டெலீட் ஆயிடுச்சு மேடம்."

"உங்க லேப்டாப்ல ஆயிருக்கும். பிள்ளைங்க திரும்பப் பாக்கறதுக்குக் கம்பெனி ஒண்ணு வெச்சிருக்கும். அதைத் திறங்க."

நீரஜா ஹரியைப் பார்த்தாங்க. ஹரி தரையைப் பார்த்தான். கடைசியில வேற வழியில்லாம திறந்தாங்க. திரையில நீரஜா முக்கோணம் வரைஞ்சு பேசிட்டிருக்காங்க. திடீர்னு படம் உறைஞ்சு போச்சு. வாய் திறந்தபடி, விரல் தூக்கினபடி. நெட் போன அந்த நொடி.

அக்கா படத்தோட இடது ஓரத்தைக் காட்டினாங்க. அங்க ஒரு கை, ஒரு டீ கிளாஸை நீட்டிட்டு அப்படியே நின்னுடுச்சு. மணிக்கட்டுல பச்சை குத்தியிருந்துச்சு, 'முருகன்'னு. நான் வாசப்படியைத் திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடிச்சிருந்த தாயம்மா கையில அதே பேரு.

"நெட் போனப்போ இந்தம்மா கிச்சன்ல இல்ல. ரெண்டாவது மாடியில, உங்க பக்கத்துல" என்றாங்க அக்கா. "தெரியுமா தெரியாதா?"

நீரஜாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "தெரியும். காலையில தாயம்மா சொன்னப்போ மாமா என்னைக் கேட்டாரு. ஞாபகம் இல்லன்னுட்டேன். அவ இல்லன்னா அடுத்து என் லேப்டாப்தான் சரியில்லம்பாங்க, இந்த வேலையே வேண்டாம், கடைக் கல்லாவுல வந்து உக்காரும்பாங்க. அவ மேலன்னு முடிஞ்சுட்டா என் வேலை நிக்கும்னு..."

எம்.எஸ்சி. கணக்காம். கணக்கை நல்லாத்தான் போட்டிருக்காங்க.

யாரும் எதிர்பார்க்காத நேரத்துல புஷ்பம் வந்து புருஷன் கையிலிருந்த போனை எடுத்தாங்க. அவர் "ஏ, என்ன செய்யுதே?"ன்னு எழுந்திரிக்கறதுக்குள்ள தெரு குரூப்பைத் திறந்து, பேசறதைப் பதிவு பண்ற பட்டனை அமுக்கிட்டாங்க.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாணிக்கவாசகம் வீட்டுக்காரி புஷ்பம் பேசுதேன். தாயம்மா மேல சொன்னது பொய். பெட்டிகளை மாத்தி வச்சது நான். ஒயரைப் புடுங்கினது எங்க வீட்டுக்காரரு. அவ மேல ஒரு குத்தமும் கிடையாது."

பட்டனை விட்டாங்க. செய்தி போயிடுச்சு. மாணிக்கவாசகம் மறுபடியும் உக்காந்துட்டார். குரூப்புல டிங் டிங்குன்னு பதில் விழ ஆரம்பிச்சுது.

தாயம்மா முந்தானையை உதறி இடுப்புல சொருகினாங்க. போர்ட்டிகோ கொக்கியில மாட்டியிருந்த பையை எடுத்தாங்க. "நான் வரேன்மா" அப்படின்னு புஷ்பத்துக்கு மட்டும் சொல்லிட்டுப் படியிறங்கினாங்க. கையிலிருந்த போன் அடிச்சுது. காலையில வராதேன்னு சொன்ன எதிர்வீட்டு நம்பர். எடுக்கல.

நீரஜா செருப்பு கூடப் போடாம பின்னாடியே ஓடினாங்க. கேட்டுகிட்ட போய் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"போகாத தாயம்மா. நான் பண்ணது தப்புதான். ஆனா உன் போட்டோவைப் போட்டது மாமா. அவரைத் திட்டு. என்னை விட்டுட்டுப் போகாத."

தாயம்மா கையை மெதுவா விடுவிச்சுக்கிட்டாங்க. கோபமே இல்ல அந்த மூஞ்சியில. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கல.

"அந்த ஆளுக்கு இன்னா தெரியும் கண்ணு? நான் எங்க கீறேன், இன்னா பண்றேன்னு ஒரு நாளாவது பாத்துகீறாரா? தெரியாமத்தான் சொன்னாரு. நீ பாத்துக்கினு இருந்த."

கேட்டைத் திறந்து, மழையில இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாங்க.